தோற்றவர் சொன்ன விலை

அரசாங்கம் எதை வாங்கினாலும் எதை விற்றாலும் வென்றவர் பெயர் எங்காவது தங்கிவிடும். ஒப்பந்தத்தில் இருக்கும், பணம் பட்டுவாடா ஆன பதிவேட்டில் இருக்கும், தப்பு நடந்திருந்தால் தணிக்கை அறிக்கையிலும் இருக்கும். தோற்றவரைத்தான் தேட வேண்டும். அவர் என்ன விலை சொன்னார் என்று தெரிந்தால்தான் வென்றவர் சொன்னது நியாயமான விலையா, பேசிவைத்த விலையா என்று தெரியும். தூத்துக்குடிக் கடற்கரையில் அரசு நடத்திய ஏலங்களிலும் டெண்டர்களிலும் தோற்றவர்களைத் தேடியதில் கிடைத்ததை எழுதுகிறேன்.

தேடலைத் தொடங்கி வைத்தது பாஞ்சாலங்குறிச்சி. இன்று சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிற்கும் கட்டபொம்மன் நினைவுக் கோட்டை 1974இல் தமிழக அரசு கட்டியது. திறந்து வைத்தவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். மதில் எழுப்ப ஒப்பந்தப்புள்ளி கொடுத்து வேலை கிடைக்காமல் போனவர்கள் யார் என்று கேட்டால் யாரும் சிரித்துவிடுவார்கள். சிரிப்பதிலும் நியாயம் இருக்கிறது. அதைக் கேட்பதற்கு முன்னால் நம் அலுவலகங்களில் கோப்புகள் எப்படிச் சாகின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு கோப்பின் வேலை முடிந்ததும் அதன் தலையில் ஒரு முடிவுக் குறி போடுவார்கள். எல்.டிஸ். என்றால் ஓராண்டு ஆயுள். கே.டிஸ். என்றால் மூன்று ஆண்டு, டி.டிஸ். என்றால் பத்து ஆண்டு. ஆர்.டிஸ். மட்டும் நிரந்தரம். எந்தக் குறி என்று முடிவு செய்பவர் வரலாற்றாசிரியர் அல்ல, பிரிவு எழுத்தர். அலமாரியில் இடமில்லாத நாளில் அவர் என்ன குறி போடுவார் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் புரட்டிய பழைய கட்டுகளில் பிழைத்துக் கிடந்தவை பெரும்பாலும் ஒப்பந்தப் பத்திரமும் இறுதிப் பட்டியலும்தான். தோற்றவர்களின் உறைகள் இல்லை. ஆனால் ஒரு குறுக்கு வழி உண்டு. டெண்டர் போடுகிறவர் ஈ.எம்.டி. எனும் முன்வைப்புத் தொகை கட்டுவார், தோற்றால் அது திரும்பி வரும். பணம் திரும்பினால் கையெழுத்து வேண்டும், கையெழுத்து இருந்தால் பதிவேடு இருக்கும். அந்தப் பதிவேட்டைப் பிடித்தால் தோற்றவர்களின் பெயர் கிடைத்துவிடும், விலை மட்டும் கிடைக்காது. பெயர் ஒரு கட்டில், விலை எரிந்துபோன இன்னொரு கட்டில்.

பாஞ்சாலங்குறிச்சியின் பழைய கணக்கு இன்னும் மோசம். 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட பிறகு பாளையத்து ஊர்களை எட்டயபுரம் உள்ளிட்ட விசுவாசமான பாளையங்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி பங்கிட்டுக் கொடுத்தது. ஏலமும் இல்லை, போட்டியும் இல்லை, விசுவாசம் ஒன்றே விலை. 1801இல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை கட்டிய இரண்டாம் கோட்டையும் விழுந்ததும் ஊரின் பெயரையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஆமணக்கு விதைத்து உழுதார்கள் என்று இந்தப் பக்கம் இன்றும் சொல்வார்கள். தோற்றவர் ஆவணத்தில் இருக்கக் கூடாது என்று ஓர் அரசு வெளிப்படையாகவே முடிவெடுத்த இடம் அது.

ஆகவே கடல் பக்கம் திரும்பினேன். முத்துச் சலாபத்துக்கு, அதாவது முத்துக்குளிப்புக்கு, நல்ல ஆவணங்கள் இருக்கின்றன. அரசுக்கு அதில் காசு கிடைத்தது என்பதுதான் காரணம். 1822ஆம் ஆண்டுச் சலாபத்தில் சுமார் 13,000 பவுண்டும் 1830இல் சுமார் 10,000 பவுண்டும் வருவாய் வந்தது. அப்புறம் சுமார் முப்பது ஆண்டு பார்களில் குளிக்கத் தகுந்த சிப்பியே இல்லை. பார் என்பது கடலடியில் சிப்பி ஒட்டி வளரும் பாறைத் திட்டு. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொலையிரம் பார் எல்லாவற்றிலும் பேர்பெற்றது.

டச்சுக்காரர்கள் 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்கள் எழுதிவைத்ததில் எனக்கு முதலில் அகப்பட்டது விதிவிலக்குகளின் பட்டியல். அங்கே உரிமையை அளக்கும் அலகு ‘கல்’. குளிப்பவர் காலில் கோத்துக்கொண்டு இறங்கும் கல்தான் அது. ஒரு கல் என்றால் ஒருவர் இறங்கிச் சிப்பி எடுக்கும் உரிமை. மதுரை நாயக்கருக்கு வரியில்லாத 96½ கல், சேதுபதிக்கு 60 கல். யார் பணம் கட்டிக் குளித்தார்கள் என்பதை விட, யார் கட்டாமல் குளிக்கலாம் என்பது அரைக் கல் வரைக்கும் துல்லியமாக எழுதப்பட்டிருக்கிறது. சலுகை வாங்கியவர் தன் சீட்டை விடவே மாட்டார், அதனால் அது மட்டும் பிழைத்துவிடுகிறது.

இங்கிலீஷ்காரர் காலத்துக்கு வந்தால் காட்சி மாறுகிறது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் 1889ஆம் ஆண்டுச் சலாபத்தை நேரில் பார்த்து எழுதிய குறிப்புகள் 1890இல் நூலாக வந்தன. அந்தக் கால நடைமுறையை நான் திரும்பத் திரும்பப் படித்தேன், ஏனென்றால் இன்றைய டெண்டர் விதிகளில் இருப்பதில் பாதி அதில் இருக்கிறது. சலாபம் நடத்துமுன் பாரிலிருந்து மாதிரிச் சிப்பி எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்தை அனுபவப்பட்ட வியாபாரிகளைக் கொண்டு மதிப்பிடுவார்கள். பிறகு அரசு அறிவிப்பு வரும். எந்தப் பார், எந்தத் தேதி, எத்தனை படகு, மாதிரிச் சிப்பியின் மதிப்பு என்ன என்று அச்சிட்டே தெரிவித்துவிடுவார்கள். ஏலம் கேட்க வருகிற எல்லோருக்கும் ஒரே தகவல் கையில் இருக்கும்.

பிற்பகலில் படகுகள் கரை சேரும். கொட்டு எனப்படும் கொட்டகையில் சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. அரசின் பங்கு அன்று மாலையே ஏலத்துக்கு வரும், ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று. காயல்பட்டினத்து மரைக்காயரும் நாட்டுக்கோட்டைச் செட்டியாரும் உட்காரக்கூடிய அந்தக் கூட்டத்தில் ஒருவர் கேட்ட விலை எல்லோர் காதிலும் விழும். தோற்றவர் எதுவரை வந்தார், எங்கே நிறுத்தினார் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். சுறாவைக் கட்டுவதற்கென்று வந்திருக்கும் கடல்கட்டிக்கும் தெரியும்.

கணக்கில் மட்டும் முடிந்த விலைதான் ஏறியது. காற்றில் போன விலைகளை எந்தக் குமாஸ்தாவும் எழுதவில்லை.

இதில் எனக்கு ஒரு தடயம் கிடைத்தது. வாய் ஏலத்தில் தோற்றவர் விலையை ஊரே கேட்கிறது, ஆவணம் கேட்பதில்லை. மூடிய உறை டெண்டரில் தோற்றவர் விலை எழுத்தில் இருக்கிறது, ஊர் கேட்பதில்லை. பிறகு எழுத்தும் கே.டிஸ்.ஸில் போய்விடுகிறது. இரண்டையும் விட மோசம் நீண்ட குத்தகை. இலங்கைப் பக்கம் 1905இல் சிப்பி அள்ளியதும் அடுத்த ஆண்டே பார்கள் மொத்தமும் லண்டன் கம்பெனி ஒன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகையாகப் போயின, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய்க்கு. ஒவ்வோர் இரவும் பலர் கூவிய இடத்தில் ஒரே கையொப்பம். கம்பெனியும் பிழைக்கவில்லை. கடல் ஏமாற்றியது, 1912வாக்கில் கடையைக் கட்டியது.

இனி நம் காலத்துக்கு வரலாம். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் நிறைவேறி, விதிகளோடு 2000இல் நடைமுறைக்கு வந்தது. இந்திய மாநிலங்களில் இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்ததில் தமிழ்நாடு முன்னோடி. மாவட்டந்தோறும் ஒப்பந்தப்புள்ளி அறிவிதழ் வேண்டும், அதில் அழைப்பு மட்டுமல்ல, யாருக்குக் கிடைத்தது என்பதும் வர வேண்டும். 2 கோடி ரூபாய் வரையான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். தோற்றவர் 10 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தோற்றவருக்குச் சட்டத்தில் முதன்முதலாக ஓர் இடம் கிடைத்தது அங்கேதான். 16ஆம் பிரிவு விதிவிலக்குகளைப் பட்டியலிடுகிறது. 96½ கல்லுக்கு இன்றைய வாரிசு அந்தப் பிரிவுதான் என்று எனக்குத் தோன்றும்.

பெட்டி இருந்த இடத்தில் கணினி வந்ததும் வேலை வேறு மாதிரி ஆனது. தேசியத் தகவலியல் மையத்தின் சென்னைக் குழு உருவாக்கிய மென்பொருள்தான் தமிழக அரசின் டெண்டர் தளத்துக்கும் பல மாநிலத் தளங்களுக்கும் அடிப்படை. ஒப்பந்ததாரர் டி.எஸ்.சி. எனும் மின்னணுக் கையொப்ப டோக்கனைச் செருகி விலைப்பட்டியலை ஏற்றும்போதே அது பூட்டப்பட்டுவிடும். திறப்பதற்கென்று பெயர் குறிக்கப்பட்ட அதிகாரிகள் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் தங்கள் டோக்கனோடு உள்ளே வந்தால்தான் திறக்கும். திறந்ததும் குறைந்த விலையில் தொடங்கி எல்-1, எல்-2, எல்-3 என்று வரிசை வரும். நான் தேடிய தோற்றவர்கள் பெயரோடும் விலையோடும் அங்கே நிற்கிறார்கள்.

ஒட்டப்பிடாரம் பக்கத்து ஒப்பந்ததாரர் ஒருவரிடம் இதை உற்சாகமாகச் சொன்னேன். அவர் அசரவில்லை. “அண்ணாச்சி, முன்னெல்லாம் கவரைப் பெட்டியில போடவிடாம வாசல்லயே நிப்பானுவ. இப்ப வீட்ல இருந்தே போட்டுரலாம், அது நெசந்தான். ஆனா பில்லு பாஸாகணும்லா? அதுக்கு அந்த வாசலுக்குத்தானே போகணும்!” என்றார். தளத்தில் இந்த வாசலுக்குப் பக்கம் இல்லை.

பாஞ்சாலங்குறிச்சி வேலைகளைத் தளத்தில் தேடுவதும் ஆவணக் காப்பகத்தில் தேடுவதும் ஒன்றுதான். கம்பெனி எழுத்தர்கள் ஊர்ப் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். இன்று தட்டச்சு செய்பவர்களும் ‘ன்’ போட்டு, ‘ம்’ போட்டு, ‘ச’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஜ’ போட்டு எழுதுகிறார்கள். ஒரு எழுத்துத் தப்பினால் ஊரே இல்லை என்கிறது கணினி. ஊராட்சி ஒன்றியத்தின் சாலை மாநிலத் தளத்தில் இருக்கும். தூத்துக்குடியில் இருக்கும் வ.உ.சி. துறைமுகம் மத்திய அரசுடையது, அதன் டெண்டர் மத்தியக் கொள்முதல் தளத்தில். முடிந்துபோனவை ‘ஆவணம்’ என்ற பகுதிக்குப் போய்விடுகின்றன. ஒவ்வொரு தேடலுக்கும் கோணல்மாணலான எழுத்துகளைப் படித்துத் தட்ட வேண்டும். ஒன்றைப் பார்க்கலாம், மாவட்டத்தையே மொத்தமாக அள்ளி ஒப்பிட முடியாது. எழும்பூர்க் காப்பகத்துத் தூசி இதைவிடக் கருணையுள்ளது.

ஐரோப்பாவில் என்ன ஆயிற்று என்று பார்த்தேன். போர்ச்சுகல் 2009 நவம்பரிலேயே மின்னணு வழியைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டுக் கட்டளை, 2018 அக்டோபர் 18க்குள் எல்லா அரசு அமைப்புகளும் டெண்டர்களை மின்னணு வழியில் பெற வேண்டும் என்றது. பெரிய ஒப்பந்தங்களின் முடிவு அறிவிப்பில் எத்தனை பேர் விலை கொடுத்தார்கள் என்ற எண்ணும் வரும். எனக்கு வேண்டியது அந்த எண்தான். ஐரோப்பியத் தணிக்கையாளர் மன்றம் 2023இல் அதைக் கூட்டிப் பார்த்தது. ஒரே ஒருவர் மட்டும் விலை கொடுத்த டெண்டர்கள் 2011இல் 23.5 விழுக்காடு, 2021இல் 41.8 விழுக்காடு. கணினி வந்த பத்தாண்டில் போட்டி கூடவில்லை, குறைந்தது. ஐந்தில் இரண்டு டெண்டரில் தோற்றவரே இல்லை! உறைகள் காலத்தில் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

நம் நாட்டில் தடயம் வேறு வடிவத்தில் சிக்கியது. சத்தீஸ்கரில் 2015 நவம்பர் முதல் 2017 மார்ச் வரையான மின்னணு டெண்டர்களை மத்தியத் தணிக்கைத் துறை ஆராய்ந்தது. டெண்டர் அழைத்த அதிகாரிகளும் டெண்டர் போட்டவர்களும் ஒரே கணினியைப் பயன்படுத்தியிருந்தார்கள். அப்படி 74 கணினிகள், 1,921 டெண்டர்கள். இதில் உடனே குற்றத்தைப் பார்த்துவிடக் கூடாது. நம் ஊர்களில் சிறு ஒப்பந்ததாரர்கள் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்துத்தான் டெண்டர் ஏற்றுகிறார்கள். ஒரே இணைய முகவரி இரண்டு போட்டியாளர்களுக்கு வருவதில் அதிசயமில்லை. அதிகாரியின் கணினியும் அதுவாக இருப்பதுதான் இடிக்கிறது.

மத்தியப் பிரதேசத்தில் விஷயத்தை வெளியே கொண்டுவந்தவரே தோற்றவர்தான். 2018இல் குடிநீர்த் திட்ட டெண்டர்களில் மயிரிழையில் தோற்ற ஒரு பெரிய கட்டுமான நிறுவனம் சந்தேகப்பட்டுப் புகார் கொடுத்தது. பூட்டிய விலைகள் திறக்குமுன் திருத்தப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 2019 ஏப்ரலில் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. யார் எப்போது உள்ளே வந்தார், எதைத் தொட்டார் என்று கணினி தானாக எழுதிவைக்கும் பதிவுகள் விசாரணைக்குப் பொருளாயின. எந்தக் குமாஸ்தாவும் எழுதாததை இயந்திரம் எழுதிவைக்கிறது, அதை நாம் பார்க்கத் தளத்தில் பொத்தான் இல்லை.

ஆகவே 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதியிருக்கிறேன். ஒட்டப்பிடாரம் ஒன்றியத்தில் முடிந்த டெண்டர்களுக்கு எல்-2 முதல் கடைசி வரை சொன்ன விலைகள், விலை ஏற்றப்பட்ட நேரம், இணைய முகவரி ஆகியவற்றைக் கேட்டிருக்கிறேன். இவற்றின் மின்னணுப் பதிவுகளை எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள், அழிக்கும் உத்தரவில் யார் கையெழுத்திடுவார் என்பது கடைசிக் கேள்வி. எழுத்தருக்குப் புரியட்டும் என்று, இது எல்.டிஸ்.ஸா ஆர்.டிஸ்.ஸா என்றும் ஓரத்தில் சேர்த்துவிட்டேன்.