எல்லைக்கு அப்பால் ஒரு முழம்

அகீதா பாடத்தில், ‘ஆலம்’ என்பது அல்லாஹ்வைத் தவிர்ந்த அனைத்தும் என்று நாம் விளக்கி முடிக்கும் தறுவாயில், “அப்படியானால் ஆலத்துக்கு வெளியே என்ன இருக்கிறது, ஹஜ்ரத்?” என்று மாணவர் எவரேனும் வினவுவது ஆண்டுதோறும் நிகழ்வதுதான். மற்ற மாணவர்கள் சிரிப்பார்கள். சிரித்துக் கடந்துவிடத் தக்க வினாவன்று அது. நம் முன்னோர் அதனை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதன் வரலாற்றை ஓரளவு இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

வினா கிரேக்கரிடமிருந்து வந்தது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்க்கைட்டஸ் என்னும் ஞானி, “உலகின் விளிம்பில் நின்றுகொண்டு என் கையை வெளியே நீட்ட முடியுமா, முடியாதா?” என்று கேட்டார். முடியுமெனில் வெளியே இடம் உண்டு; முடியாதெனில் தடுக்கும் பொருள் ஒன்று உண்டு. எப்படியாயினும் விளிம்பு விளிம்பாக நிற்கவில்லை. அரிஸ்டாட்டில் இதனை ஒப்பவில்லை. உலகம் எல்லையுள்ள ஓர் உருண்டை. அதற்கு அப்பால் இடமுமில்லை, வெறுமையுமில்லை, காலமுமில்லை என்பது அவர் முடிவு. வானங்களைப் பற்றிய அவரது நூல் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் அரபியில் பெயர்க்கப்பட்டபின், அம்முடிவு நம் தத்துவ அறிஞர்களிடையே ஏறத்தாழ அசைக்கவியலாததாயிற்று.

அசைத்துப் பார்த்தவருள் முதன்மையானவர் அல்பிரூனி (973–1048). இளமையில் அவர் இப்னு சீனாவுக்கு (980–1037) எழுதியனுப்பிய பதினெட்டு வினாக்களுள் ஒன்று, வேறோர் உலகம் இருத்தல் கூடாது என்று அரிஸ்டாட்டில் எவ்வாறு துணிந்தார் என்பது. மண்ணுக்கு இயல்பான இடம் ஒன்றே; எனவே இன்னோர் உலகத்தின் மண்ணும் நம் உலகின் நடுவை நோக்கியே விழ வேண்டும் என்பது அரிஸ்டாட்டிலின் வாதம். அவ்வுலகின் இயல்பும் அசைவின் திசையும் வேறாக இருக்கலாகாதா என்றார் பிரூனி. இப்னு சீனாவின் விடை அவருக்கு நிறைவளிக்கவில்லை. வாதம் சூடேறி, இறுதியில் இப்னு சீனாவின் மாணவர் மஃஸூமி தம் ஆசிரியர் சார்பில் எழுத நேர்ந்தது. இருபெரும் மேதைகளிடையே நிகழ்ந்த இக்கடிதப் போக்குவரத்தை நம் பாடத்திட்டங்கள் தொடுவதேயில்லை என்பது நமக்கு என்றும் உள்ள மனக்குறை.

ஆயினும் இவ்வினாவின் உயிர்நிலையைத் தொட்டவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களே. ஹி. 488இல் (1095) அவர்கள் எழுதி முடித்த ‘தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா’வின் முதற்பிரச்சினை உலகம் அநாதியானதா என்பது. உலகுக்குத் தொடக்கம் உண்டெனின், அதற்கு ‘முன்பு’ என ஒரு காலம் இருந்திருக்க வேண்டும். எனவே காலம் அநாதி. காலம் அநாதியெனின் உலகும் அநாதி என்று தத்துவவாதிகள் வாதிட்டனர். இமாமவர்கள் இதனை நேரே மறுக்காமல், அவர்களுடைய கொள்கையையே எடுத்து அவர்கள் முன் வைக்கிறார்கள். உலகம் எல்லையுள்ளது, அதற்கு வெளியே ‘கலா’ என்னும் வெற்றிடமுமில்லை, ‘மலா’ என்னும் நிறைவெளியுமில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். ஆனால் மனிதனின் வஹ்மு, அதாவது கற்பனையாற்றல், இதனை ஏற்க மறுக்கிறது. எந்த எல்லையைக் காட்டினாலும் ‘அதற்கு அப்பால்?’ என்று அது கேட்டுக்கொண்டேயிருக்கும். ‘அது வஹ்மின் மயக்கம்’ என்று அங்கே தள்ளிவிடும் நீங்கள், காலத்தைப் பற்றி ‘அதற்கு முன்பு?’ என்று அதே வஹ்மு கேட்கும்போது மட்டும் அதனைச் சாட்சியாக ஏற்பது எங்ஙனம்?

இவ்விடத்தில்தான் அந்த முழக்கணக்கு வருகிறது. அல்லாஹ் வெளிவானத்தை இப்போதுள்ளதைவிட ஒரு முழம் பெரிதாகப் படைத்திருக்க முடியுமா? முடியாதெனின் அவனுக்கு இயலாமையைக் கற்பிக்கிறீர்கள். முடியுமெனின் இரண்டு முழம்? மூன்று முழம்? பெரிய உலகு சிறியதைவிடக் கூடுதலாய் அடைத்துக்கொள்ளும் அந்த அளவு எதன் அளவு? வெளியே ஏதுமில்லை என்றீர்களே! தத்துவவாதிகள் இதற்கும் விடை வைத்திருந்தனர்: உலகம் இதனினும் பெரிதாயிருத்தல் அசாத்தியம், அசாத்தியமானதைச் செய்யாமை இயலாமையாகாது. இமாமவர்கள் விடவில்லை. ஒன்றையே ஒரே வேளையில் உண்டென்றும் இல்லையென்றும் கூறுவதே அசாத்தியம். உலகை ஒரு முழம் பெரிதாக எண்ணுவதில் அத்தகைய முரண் ஏதுமில்லை. அன்றியும், உலகம் இப்போதுள்ளவாறன்றி வேறெவ்வாறும் இருக்கவியலாதெனின் அது தானே கட்டாயமானதாகிவிடும். கட்டாயமானதற்குப் படைத்தவன் எதற்கு?

ஒரு முழத்தில் அடங்கியிருந்தது எத்துணைப் பெரிய செய்தி என்பதை இங்கே காண்கிறோம். எல்லைக்கு அப்பால் என்ன என்பதற்கு இமாமவர்கள் விடை கூறவில்லை. அது அவர்களின் நோக்கமுமன்று. ‘அப்பால்’ என்னும் சொல்லை நாம் எங்கிருந்து பெற்றோம் என்று கேட்க வைத்தார்கள், அவ்வளவே. சிந்தனையின் வாயிலை அடைத்தவர் என்று அவர்கள்மீது பழி சுமத்துவோர் இப்பக்கங்களைப் படித்திருப்பாரோ என்பது ஐயமே. இப்னு ருஷ்து (1126–1198) தம் ‘தஹாஃபுத்துத் தஹாஃபுத்’தில் வரிக்கு வரி மறுப்பெழுதினார். எல்லையின்றிப் பெருக இடந்தந்தால் எல்லையற்ற பருப்பொருளில் கொண்டுபோய் விடும் என்பது அவரது அச்சம்.

இமாமவர்கள் நிறுத்திய இடத்தில் ஃபக்ருத்தீன் ராஸி (ரஹ்) (மறைவு ஹி. 606/1210) நிற்கவில்லை. சூரத்துல் ஃபாத்திஹாவின் ‘ரப்புல் ஆலமீன்’ என்னும் தொடருக்கு விரிவுரை எழுதுகையில், உலகுக்கு வெளியே முடிவற்ற வெற்றிடம் உண்டென்றும், அதிலே ஆயிரமாயிரம் உலகங்களை, ஒவ்வொன்றும் தன் வானம், பூமி, சூரியன், சந்திரனோடு படைக்க அல்லாஹ் ஆற்றலுடையவன் என்றும் கூறுகிறார்கள். உலகம் ஒன்றே என்று தத்துவவாதிகள் காட்டும் ஆதாரங்கள் வலுவற்றவை என்றும் தீர்ப்பளிக்கிறார்கள். வெற்றிடம் உண்டென்பதில் அவர்களுக்கு முன்னோடி பக்தாதின் அபுல் பரகாத். அஷ்அரி மரபின் இருபெரும் இமாம்களுள் ஒருவர் வெளியின் கேள்வியையே வஹ்மின் செயலாகக் காட்ட, மற்றவர் வெளி உண்டென்று துணிகிறார். இதனால் ஒருவரையொருவர் வழிகேடர் என்று எவரும் ஏசவில்லை.

இதே பிரச்சினை மேற்கிலும் வெடித்தது. 1277 மார்ச் 7ஆம் நாள் பாரிஸின் ஆயர் எத்தியேன் தாம்ப்பியே 219 கூற்றுகளைக் கண்டித்து ஆணையிட்டார். இறைவன் பல உலகங்களைப் படைக்கவியலாது என்பதும், வெற்றிடம் தோன்றிவிடுமாதலால் அவனால் வானத்தை நேர்க்கோட்டில் நகர்த்தவியலாது என்பதும் அவற்றுள் அடங்கும். இது நம்மிடமிருந்து சென்றது என்று உரிமை கொண்டாடச் சிலருக்கு நா துடிக்கும். ‘தஹாஃபுத்துத் தஹாஃபுத்’ லத்தீனில் பெயர்க்கப்பட்டது 1328இல். ஒரே அரிஸ்டாட்டிலைப் படித்த இரு சமூகங்கள் ஒரே முட்டுச்சந்தில் போய் நின்றன என்பதே நேர்மையான கூற்று.

இன்றைய வானியலார் கூறுவது யாது? பேரண்டத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டுகள். விரிவையும் கணக்கிட்டால், நம்மை எட்டியுள்ள ஒளி புறப்பட்ட மிகத் தொலைவான இடம் இன்று ஏறத்தாழ 4600 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இது காட்சியின் எல்லையேயன்றிப் பொருளின் விளிம்பன்று. கடலில் நிற்பவனுக்குத் தொடுவானம் போன்றது. அதற்கப்பாலும் விண்மீன் மண்டலங்கள் தொடர்கின்றன என்றே அவர்கள் கருதுகின்றனர். மொத்தமும் முடிவுள்ளதா, முடிவற்றதா என்பதை அளவீடுகள் இன்னும் தீர்க்கவில்லை. விரிவதற்கு வெளியே காலியிடம் தேவையில்லை என்றும் அவர்கள் கூறுவர். இதைக் கேட்டதும் “கலாவுமில்லை, மலாவுமில்லை” என்பது நம் செவியில் ஒலிக்கவே செய்கிறது. ஆயினும் அதனைக் கொண்டு நம் இமாம்கள் அன்றே வானியலை முன்னறிவித்தார்கள் என்று மேடையில் முழங்குவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையன்று. அவர்கள் பேசியது ‘குத்ரத்’தைப் பற்றி; தொலைநோக்கி காட்டுவதைப் பற்றியன்று. ராஸி (ரஹ்) கூறியதும் படைக்க ‘ஆற்றலுடையவன்’ என்றே, படைத்திருக்கிறான் என்றல்ல.

சென்ற ஆண்டு வினவிய மாணவரிடம், விடைக்கு மாறாக, அந்த ஒரு முழத்தையே கேள்வியாகத் திருப்பிக் கொடுத்தோம். மறுநாள் வந்து, “முழம் என்பதே உலகுக்குள் உள்ள அளவுதானே, ஹஜ்ரத், வெளியே அதை எதைக் கொண்டு அளப்பது?” என்றார். இம்முறை வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை.