கிளைடுபேங்கில் பிறந்த கைமெஷின்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடையொன்றில், பித்தளை அண்டாக்களுக்கு நடுவே கிடந்தது இந்த சிங்கர் தையல் கைமெஷின். துருவைப் பார்க்குமுன் அடித்தட்டில் பொறித்த எண்ணைத்தான் தேடினேன். ‘ஒய்’ எழுத்தில் தொடங்கியது. அப்படியென்றால் 1921-க்கும் 1935-க்கும் இடையில் ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்கில் வார்த்தது.

அங்கே 1885-ல் திறந்த சிங்கர் தொழிற்சாலை ஓர் ஊரையே வளர்த்தது. 1911-ல் மெஷின் பெட்டிகளுக்கு மெருகேற்றும் பெண்கள் சிலர்மேல் கூடுதல் வேலை சுமத்தியபோது, ஏறத்தாழ 11,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். போராட்டம் தோற்றது, முன்னின்றவர்கள் வேலை இழந்தார்கள். இந்தக் கைப்பிடியைச் சுற்றும்போதெல்லாம் அந்தப் பெண்களை நினைக்கிறேன். 1980-ல் ஆலை மூடப்பட்டது. பக்கத்து ரயில் நிலையத்துக்கு இன்றும் சிங்கர் என்றே பெயர்.

சாமானியர் வீட்டுக்கு மெஷின் வந்ததற்குத் தவணை முறையும் காரணம். 1850-களிலேயே சிங்கர் அதைத் தொடங்கிவிட்டது. இயந்திரங்களைக் கண்டித்த காந்தியும் 1924-ல் சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்கு அளித்தார்.

என்னுடையதில் வட்ட பாபின் கிடையாது. தோட்டா வடிவ ஷட்டில், அதற்குள் ஒல்லியான நீள பாபின். ஊசி இறங்க, ஷட்டில் முன்னும் பின்னும் ஆடி நூலைக் கோக்கும். இறுகிய மூட்டுகளில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, துடைத்து, மெஷின் எண்ணெய் போட்டேன். சக்கரம் இளகியது. ஊசிக்கு அலையவேண்டாம், தையல் சாமான் கடையில் விற்கும் சாதாரண ஊசியே பொருந்தும். இப்போது தலையணை உறைகள் தைக்கிறேன். தையல் மணிமணியாக விழுகிறது.