பூட்டிய ஆலயமும் திரைவழி வழிபாடும்: கேரளம், 2020

2020 மார்ச் 24 அன்று ஒன்றிய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட பொதுமுடக்க நெறிமுறைகளில் வழிபாட்டிடங்களைப் பற்றிய விதி மிகச் சுருக்கமானது. அனைத்து வழிபாட்டிடங்களும் பொதுமக்களுக்கு மூடப்பட வேண்டும். எந்தச் சமயக் கூட்டத்திற்கும் விதிவிலக்கின்றி அனுமதி இல்லை. அதே நெறிமுறைகளின் மற்றொரு விதி, இறுதிச் சடங்குகளில் இருபது பேருக்கு மேல் கூடலாகாது என்றது. இவ்விரு விதிகளும் கேரளக் கிறித்தவச் சமூகத்தின் முன் இரு வேறு சிக்கல்களை வைத்தன. முதலாவதற்கு இணையம் விரைந்து ஒரு விடையளித்தது. இரண்டாவதற்கு அதனால் அரைகுறையாகவே விடையளிக்க முடிந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் தொழில்நுட்பமே திருச்சபையைக் காப்பாற்றியது என்னும் பரவலான கூற்றை மதிப்பிட இந்த வேறுபாடு நல்லதொரு தொடக்கம்.

முடக்கம் வந்த காலத்தையும் கருத வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் 61 லட்சத்துக்கும் மேற்பட்ட கிறித்தவர்கள் வாழ்ந்தனர். சீரோ மலபார், இலத்தீன், சீரோ மலங்கரா கத்தோலிக்கர், மலங்கரா ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயர், மார்த்தோமா, தென்னிந்தியத் திருச்சபை, பெந்தெகோஸ்தே எனப் பலவாகப் பிரிந்து நிற்கும் இச்சமூகத்தின் பெரும்பகுதியினருக்கு அது தவக்காலம். ஆண்டிலேயே ஆலயங்கள் நிரம்பி வழியும் வாரத்தை நோக்கிய பயணம். ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு, 9 பெரிய வியாழன், 10 பெரிய வெள்ளி, 12 உயிர்ப்புப் பெருவிழா. மார்ச் 25 அன்று வத்திக்கானின் வழிபாட்டுப் பேராயம் கத்தோலிக்கருக்கு ஓர் ஆணை பிறப்பித்தது. உயிர்ப்புப் பெருவிழாவை வேறு நாளுக்கு மாற்ற இயலாது. நோய்ப் பரவல் உள்ள இடங்களில் மக்கள் பங்கேற்பின்றிச் சடங்குகள் நடைபெறும். பாதம் கழுவும் சடங்கு விடப்படும். குருவும் உதவியாளர் சிலரும் மட்டும் நின்ற பீடங்களிலிருந்து யூடியூப், முகநூல், செயற்கைக்கோள் தொலைக்காட்சி வழியாகப் புனித வாரம் வீடுகளுக்குள் வந்தது.

திருச்சபைக்கு இது முற்றிலும் புதிய அனுபவம் அன்று. 1921 ஜனவரி 2 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலிருந்த கல்வாரி எபிஸ்கோபல் ஆலயத்தின் மாலை வழிபாடு வானொலியில் ஒலிபரப்பானது. 1931இல் மார்க்கோனி அமைத்த வத்திக்கான் வானொலி பணியைத் தொடங்கியது. நோயுற்றுப் படுத்திருந்த அசிசி நகர் கிளாரா தொலைவில் நடந்த வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டும் கேட்டும் மகிழ்ந்தார் என்னும் மரபைக் கொண்டு, திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராக அறிவித்தார். ஆனால் அதே பயஸ், 1957இல் திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி பற்றி எழுதிய சுற்றுமடலில், தொலைக்காட்சியில் திருப்பலி காண்பது நேரில் பங்கேற்கும் கடமையை நிறைவேற்றாது எனத் தெளிவுபடுத்தினார். இணையத்தில் அருளடையாளங்கள் இல்லை என்று 2002இல் வத்திக்கான் ஆவணம் ஒன்று கூறியது. ஊடகத்தை வரவேற்றுக்கொண்டே அதற்கு வரம்பிடும் இந்த இரட்டை நிலை 2020க்கு முன்பே உருப்பெற்றிருந்தது. பெருந்தொற்று அதனைக் கேள்விக்குள்ளாக்கியது.

கேரளத்திற்கு இதில் தனியான முன்வரலாறும் உண்டு. வளைகுடா நாடுகளுக்கும் மேலைநாடுகளுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு முதியோர் மட்டும் தங்கிய மத்தியத் திருவிதாங்கூர் வீடுகளில், திருமணத்தையும் அடக்கத்தையும் படம்பிடித்து அனுப்புவது நீண்டகால வழக்கம். விடுப்புக் கிடைக்காத மகன் துபாயிலிருந்து தாயின் அடக்கத்தை நேரலையில் காண்பது 2020க்கு முன்பே நடந்தது. திரைவழிப் பங்கேற்பு அதுவரை தொலைவில் இருந்தோருக்கான ஏற்பாடு. ஆலய மணியோசை எட்டும் தொலைவில் இருந்தவர்களுக்கும் அதுவே ஒரே வழியாயிற்று என்பதுதான் 2020இல் நிகழ்ந்த மாற்றம்.

எதைத் திரை கொண்டுசேர்த்தது, எதைக் கொண்டுசேர்க்கவில்லை? சுரியானி மரபு ஆலயங்களில் குர்பானாவின்போது சமாதானம் வழங்கும் முறையைக் கருதலாம். பீடத்திலிருந்து வரும் சமாதானத்தை உதவியாளர் தம் கைகளால் முன்வரிசையில் இருப்பவருக்குத் தருவார். அவர் தமக்கு அடுத்தவரின் கைகளைத் தொட்டுத் தருவார். இவ்வாறே அது கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசை வரை செல்லும். குருவின் குரலைப் போல இது எல்லோரையும் ஒரே கணத்தில் அடைவதில்லை. ஒவ்வொருவரும் மற்றொருவரிடமிருந்து பெற்றே ஆக வேண்டும். 1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் போர்த்துகீசியக் குருமாரின் ஆதிக்கத்திற்கு எதிராக மார்த்தோமா கிறித்தவர்கள் எடுத்த கூனன் குரிசு உறுதிமொழியைப் பற்றிய மரபுச் செய்தியிலும் இதே உணர்வைக் காணலாம். சிலுவையை எல்லோராலும் தொட இயலாததால் அதில் கயிறுகளைக் கட்டி, அவற்றைப் பிடித்தபடி மக்கள் உறுதியேற்றனர் என்பர். அன்று எட்ட நின்று கேட்பது போதுமானதாகக் கருதப்படவில்லை.

நேரலைத் திருப்பலி குருவின் குரலையும் முகத்தையும் முன்னெப்போதையும்விட அருகில் கொண்டுவந்தது. தூணுக்குப் பின்னால் நின்றவருக்கும் பீடம் இப்போது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் பக்கத்தில் நின்றவர் மறைந்தார். யார் வந்தார், யார் வரவில்லை, யார் இருமினார், யார் கறுப்புடுத்தி நின்றார் என்பதைச் சபை அறியும் வழி அடைபட்டது. பார்வையாளர் எண்ணிக்கையைக் காட்டும் எண் அந்த அறிவுக்கு ஈடாகாது. ஒளிபரப்பு ஒரு மையத்திலிருந்து பலரை அடைகிறது. சபையோ பலர் ஒருவரை ஒருவர் அறிந்திருப்பதால் அமைகிறது. 2020ஐப் பற்றிய எழுத்துகள் பலவற்றில் இவ்விரண்டும் ஒன்றாகக் கலக்கப்படுகின்றன.

சபையை உண்மையில் தாங்கிய அமைப்புகள் இணையத்திற்கு முந்தியவை. முதலாவது, வீடு. கேரள நசுராணி இல்லங்களில் அந்திப்பொழுதில் குடும்பம் முழுவதும் கூடிச் செபிப்பது தலைமுறை வழக்கம். பெரிய வியாழன் இரவில் பெசகா அப்பம் வீட்டில்தான் பிட்கப்படுகிறது. புளிக்காத மாவில் செய்த அப்பத்தின்மேல் குருத்தோலையால் சிலுவையிட்டு, குடும்பத் தலைவர் செபித்துப் பிட்டு, மூத்தோர் முதலாக வழங்குவார். உடன் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்ந்த பானம் தரப்படும். இதற்குக் குருவும் தேவையில்லை, பீடமும் தேவையில்லை. ஆலயம் மூடப்பட்ட 2020 ஏப்ரல் 9 இரவில் தன் இயல்பான இடத்திலேயே நடக்கக்கூடியதாய் இருந்த சடங்கு இதுவே. ஆயினும் வீடும் தனித்தியங்குவதில்லை. அவ்வாண்டில் இறப்பு நேர்ந்த வீட்டில் பெசகா அப்பம் செய்வதில்லை; உறவினரோ அயலாரோ கொண்டுவந்து தருவர். துக்க வீட்டை ஊரோடு இணைக்கும் அந்தச் சிறு நடையைத்தான் முடக்கம் கடினமாக்கியது.

இரண்டாவது, அண்டை வீடுகளின் கூட்டம். பங்கைப் பதினைந்து, இருபது, முப்பது குடும்பங்கள் கொண்ட சிறு பிரிவுகளாகப் பகுத்து, வீடு வீடாகச் செபக்கூட்டம் நடத்தும் முறை இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் இந்தியக் கத்தோலிக்கரிடம் வேரூன்றியது. தமிழ்நாட்டில் அன்பியம் என்றும் கேரளத்தில் குடும்பக் கூட்டாய்மை என்றும் இது அறியப்படுகிறது. மும்பை உயர்மறைமாவட்டம் 1980களில் இதனைத் தன் மேய்ப்புப் பணியின் நடுநாயகமாக்கியது. ஆர்த்தடாக்ஸ், மார்த்தோமா சபைகளின் பகுதிவாரிச் செபக்கூட்டங்களும் இதற்கு இணையானவை. முடக்கக் காலத்தில் இப்பிரிவுகளே வாட்ஸ்அப் குழுக்களாக உருமாறின. நேரலை இணைப்பும் மருந்து வேண்டுவோர் பற்றிய செய்தியும் இறப்பு அறிவிப்பும் ஒரே குழுவில் வந்தன.

திறன்பேசி இல்லாதவரை எட்டியது சாதாரணத் தொலைபேசி அழைப்பு. தேசிய மாதிரி ஆய்வின் 2017-18ஆம் ஆண்டுச் சுற்றின்படி இந்தியக் குடும்பங்களில் இணைய வசதி பெற்றவை ஏறத்தாழ 24 விழுக்காடே. நாட்டின் சராசரியைவிடப் பெரிதும் முன்னேறிய கேரளத்திலும் அது ஏறத்தாழப் பாதிதான். எனவே இணைய வழிபாட்டின் வெற்றி, இணையம் இல்லாதவர் யார் என்பதை அறிந்து அவரை அழைக்க ஒருவர் இருந்தாரா என்பதைப் பொறுத்தது. பெயர்ப்பட்டியலும் பொறுப்பாளரும் முன்பே இருந்த இடங்களில் அதற்கு வழி இருந்தது. ஞாயிறு கூட்டம் பெரிதாகவும் ஒருவரையொருவர் அறியாததாகவும் இருந்த இடங்களில் எஞ்சியது காணொளி மட்டுமே.

நற்கருணை குறித்துச் சபைகள் ஒரே முடிவுக்கு வரவில்லை. கத்தோலிக்கர் ஆன்மிக நற்கருணை என்னும் பழைய பக்தி முயற்சியை மீட்டெடுத்தனர். அப்பத்தை உட்கொள்ள இயலாதபோது அதற்கான வேட்கையைச் செபமாகச் சொல்லும் இம்முறையை 18ஆம் நூற்றாண்டில் அல்போன்சு லிகோரியின் நூல் பரவலாக்கியிருந்தது. சீர்திருத்த மரபினர் சிலர் வீட்டில் அப்பமும் திராட்சரசமும் வைத்துத் திரைவழிச் செபத்துடன் உட்கொண்டனர்; வேறு சிலர் கூடுகை இல்லாமல் திருவிருந்து இல்லை என உண்ணாநோன்புபோல் காத்திருந்தனர். கூட்டம் என்பது உடல்களின் கூட்டமா என்னும் இறையியல் வினா இவ்வாறு வீட்டு மேசைக்கு வந்தது.

மிகக் கடுமையான சோதனை கல்லறையில்தான் நேர்ந்தது. கேரளக் கிறித்தவருக்குப் பங்கின் கல்லறையில் இடம் பெறுவதே சபை உறுப்புரிமையின் கடைசிச் சான்று. ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயர் பிணக்கில் உடல்கள் அடக்கத்திற்குக் காத்துக்கிடந்த நிலையில், முன்னோர் கல்லறையில் அடக்கம் பெறும் உரிமையை உறுதிசெய்யக் கேரள அரசு 2020 ஜனவரியில் அவசரச் சட்டமும் அடுத்த மாதமே சட்டமும் கொண்டுவர நேர்ந்தது. ஓரிரு மாதங்களில் பெருந்தொற்று வந்தது. உடலைத் தொடுவதும் முத்தமிடுவதும் கூடாது என்றது சுகாதார அமைச்சகத்தின் மார்ச் மாத நெறிமுறை. மலையாள அடக்கச் சடங்கின் உருக்கமான பகுதியாகிய இறுதி முத்தம் இதனால் இல்லாமற்போனது. நேரலை அடக்கத்தைக் காட்டியது. முத்தத்திற்கு அதனிடம் மாற்று இல்லை.

ஆலப்புழைக் கடற்கரையில் சிக்கல் இன்னும் கூர்மையானது. தொற்றால் இறந்தவரை ஆழமாகப் புதைக்க வேண்டும். அங்கோ சிறிது தோண்டினாலே நீர் ஊறும். 2020 ஜூலை இறுதியில் ஆலப்புழை இலத்தீன் மறைமாவட்டம், அத்தகையோரின் உடல்களை ஆலயக் கல்லறை வளாகத்திலேயே எரித்துச் சாம்பலைக் கல்லறையில் அடக்கம் செய்ய இசைந்தது. எரியூட்டலுக்கான தடையைக் கத்தோலிக்கத் திருச்சபை 1963இலேயே தளர்த்தியிருந்தபோதிலும் கேரளத்தில் அது வழக்கில் இல்லை. சடங்கின் வடிவம் மாறினாலும் இடம் மாறலாகாது என்பதே அம்முடிவின் உட்பொருள். வழிபாட்டைத் திரைக்கு மாற்ற ஒப்பிய ஒரு சமூகம், கல்லறையை வேறிடத்திற்கு மாற்ற ஒப்பவில்லை.

2020 ஜூன் 8 முதல் வழிபாட்டிடங்களைத் திறக்க ஒன்றிய அரசு அனுமதித்தது. பாடகர் குழுக்கள் கூடா, தீர்த்தம் தெளித்தல் கூடா என்னும் கட்டுப்பாடுகள் உடன் வந்தன. கேரளத்தில் பல மறைமாவட்டங்களும் சபைகளும் முதியோரின் நலன் கருதி உடனே திறக்கவில்லை. மகாராட்டிரத்தில் நவம்பர் 16 வரை கதவுகள் மூடியே இருந்தன. 2021 பிப்ரவரியில் பம்பையாற்று மணலில் நடந்த மாராமண் மாநாட்டிலும் வரையறுத்த எண்ணிக்கையினரே பந்தலில் அமர்ந்தனர். ஏனையோர் நேரலையில் கேட்டனர்.

இக்காலத்தை எழுதவிருக்கும் ஆய்வாளர் எதிர்கொள்ளும் ஆபத்து ஒன்று உண்டு. நேரலைக் காணொளிகள் நாளும் நேரமும் குறிக்கப்பட்டுத் தளங்களில் கிடக்கின்றன. ஆயர்களின் சுற்றறிக்கைகள் கோப்புகளில் உள்ளன. ஆனால் ஒரு செபக்கூட்டப் பொறுப்பாளர் நாள்தோறும் செய்த அழைப்புகளுக்குப் பதிவு இல்லை. வாட்ஸ்அப் குழுக்களின் உரையாடல் கைபேசி மாறும்போது அழிகிறது. எஞ்சிய சான்றுகளை மட்டும் நம்பினால், 2020ஆம் ஆண்டின் திருச்சபை ஒளிப்படக்கருவியின் முன் தனித்து நின்ற குருவாகவே வரலாற்றில் பதியும்.  அந்த அழைப்புகளைச் செய்தோரின் வாய்மொழிச் சான்றுகளையும் எஞ்சியிருக்கும் குழுச் செய்திகளையும், உரியவர்களின் இசைவோடும் தனியுரிமைக் காப்போடும், பங்கின் இறப்புப் பதிவேடுகளுடன் ஒப்பிட்டுத் தொகுப்பது இன்னும் இயலும். நினைவுகள் மங்குமுன் அப்பணி நடந்தால்தான், பூட்டிய ஆலயத்திற்கு வெளியே சபையைச் சபையாக வைத்திருந்தவர் யார் என்னும் வினாவுக்குச் சான்றுள்ள விடை கிட்டும்.