நாலு ஜி.பி. சுவர்

கடைக்குப் போகிறீர்கள். நாலு ஜி.பி. மெமரி வாங்கி டிசைன் கம்ப்யூட்டரில் செருகுகிறீர்கள். பெரிய கட்டடம் ஒன்றின் வரைபடத்தைத் திறக்கிறீர்கள். கதவு, ஜன்னல், குழாய் என்று ஒவ்வொன்றாக எழும்பி வருகிறது. பாதியில், மெமரி போதவில்லை என்று ஒரு சின்னப் பெட்டி. அவ்வளவுதான். காலையிலிருந்து செய்த வேலை காலி.

2004 வாக்கில் இது சகஜம். காசு கொடுத்து வாங்கிய மெமரி எங்கே போயிற்று?

நான் காமர்ஸ் படித்தவன். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். ஒரு பேரேடு. பக்க எண் எழுத மூன்று கட்டம்தான் அச்சடித்திருக்கிறார்கள். எத்தனை தாள் சேர்த்துத் தைத்தாலும் 999-க்கு மேல் எழுத முடியாது, இல்லையா? 32 பிட் கம்ப்யூட்டரும் அப்படித்தான். அதிகபட்சம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 முகவரிகள். அதாவது நாலு ஜி.பி. அதிலும் பாதியை விண்டோஸ் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டுவிடும். உங்கள் சாப்ட்வேருக்கு மிச்சம் இரண்டு.

இத்தனைக்கும், இதற்குத் தீர்வு பத்து வருஷம் முன்னாலேயே இருந்தது. சிலிக்கான் கிராபிக்ஸ் என்றொரு அமெரிக்க கம்பெனி. 1993-ல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ டைனோசர்களை அவர்களுடைய கம்ப்யூட்டர்களில்தான் உருவாக்கினார்கள். அதன் ஆபரேட்டிங் சிஸ்டம் ஐரிக்ஸ், யூனிக்ஸ் குடும்பத்துப் பிள்ளை. 1994-லேயே 64 பிட்டுக்குப் போய்விட்டது. பேரேட்டில் கட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. விலைதான் கண்ணைக் கட்டும். பல்லாயிரம் டாலர்.

அப்போதுதான் ஜான் ஹிர்ஷ்டிக் வந்தார். எம்.ஐ.டி. மாணவர்களின் பிரபல பிளாக்ஜாக் சீட்டாட்டக் குழுவில் இருந்தவர். அதில் ஜெயித்த பணத்தையும் போட்டு 1993-ல் ஒரு கம்பெனி ஆரம்பித்தார். 1995-ல் ‘சாலிட்வொர்க்ஸ்’ வெளிவந்தது. விண்டோஸில் மட்டும்தான் ஓடும். சாதாரண பி.சி. போதும். 1997-ல் ஆட்டோகேட் 14 வந்தபோது அதுவும் யூனிக்ஸைக் கைகழுவிவிட்டு விண்டோஸே கதி என்று ஆனது.

கவனியுங்கள். விசாலமான வீடு என்று யாரும் விண்டோஸுக்குக் குடிபோகவில்லை. வாடகை மலிவு. வேண்டிய சாப்ட்வேரும் அங்கேதான் இருந்தது. இடநெருக்கடி பிற்பாடுதான் உறைத்தது.

ஒட்டுப் போட்டுப் பார்த்தார்கள். பூட்.ஐ.என்.ஐ. என்கிற கோப்பில் ‘/3ஜி.பி.’ என்று ஒரு வார்த்தை சேர்த்தால் விண்டோஸ் ஒரு ஜி.பி.யோடு ஒதுங்கிக்கொள்ளும். மூன்று உங்களுக்கு. அதற்கேற்றபடி எழுதப்பட்ட சாப்ட்வேராக இருந்தால் மட்டும். அந்தப் பக்கம் இடம் குறுகிப்போய் கிராபிக்ஸ் டிரைவர் மூச்சுத் திணறினால், அது தனிக் கதை.

2003-ல் ஏ.எம்.டி. கம்பெனியின் ஆப்டெரான் சிப் வந்தது. 64 பிட், ஆனால் பழைய 32 பிட் சாப்ட்வேரும் வேகம் குறையாமல் ஓடும். 2005 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட்டும் எக்ஸ்.பி. 64 பிட் பதிப்பைக் கொண்டுவந்தது. 128 ஜி.பி. வரை தாங்கும். பிரச்னை தீர்ந்ததா? எங்கே! டிரைவர்கள் எல்லாம் புதிதாக எழுதப்பட்டாக வேண்டும். கட்டட வடிவமைப்பாளரான என் நண்பர் ஆசையாக மாறினார். படம் அட்டகாசமாகத் திறந்தது. பிளாட்டருக்கு டிரைவர் இல்லை. திரையில் பார்த்துக் கட்டடம் கட்ட முடியுமா? ஒரே வாரத்தில் பழைய எக்ஸ்.பி.க்கே திரும்பிவிட்டார். ஆட்டோகேட்டே 64 பிட்டுக்கு வந்தது 2007-ல், ஆட்டோகேட் 2008 பதிப்பில்தான்.

சுவர் இடிந்தபிறகு வேலி போட்டார்கள். 2009-ல் வந்த விண்டோஸ் 7-ல், 64 பிட் ஹோம் பிரீமியம் வாங்கினால் 16 ஜி.பி.தான். புரொபஷனல் வாங்கினால் 192. இது சிப்பின் குறையல்ல, சுத்தமான வியாபாரம். விவரம் தெரியாமல் 24 ஜி.பி. போட்டவருக்கு எட்டு ஜி.பி. தண்டம். விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. வேலி மட்டும் இருக்கிறது. ஹோமுக்கு 128 ஜி.பி.

அந்த சிலிக்கான் கிராபிக்ஸ்? 2006-ல் ஒரு முறை, 2009-ல் மறுமுறை திவால். மவுண்டன் வியூவில் அவர்கள் ஆசையாகக் கட்டிய வளாகத்தில் இப்போது இருப்பது கூகிள்.