யானைப் படையும் காவியுடையும்

திருத்தணிக்குத் தெற்கே உள்ள சிற்றூர் தக்கோலம். சோழ இளவரசன் இராசாதித்தன் கி.பி. 949-இல் இராட்டிரகூடரோடு பொருது, யானைமீதே உயிர்நீத்த போர்க்களம் அது. படைபலத்தின் எல்லையை அம்மண் அன்றே கண்டது.

ஏறத்தாழ 750 ஆண்டுகளுக்குப் பின் அங்கே வேறு வகை மனிதர் வந்தனர். பிரெஞ்சு இயேசு சபையார் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் எல்லைப் பகுதியில் தொடங்கிய கர்நாடக மறைத்தளத்தின் குருக்கள் அவர்கள். மதுரை மறைத்தளத்தில் உழைத்து, ஆவூரில் ஆலயம் எழுப்பிய பூஷே அடிகளார் அவர்களுள் ஒருவர். காவியுடை, மரக்கறி உணவு, மக்கள் மொழி ஆகியவையே அவர்களது உடைமை. அரண்மனை ஆதரவு இன்று இருக்கும், நாளை இராது. ஆகவே ஆண்டவரையே அரணாகக் கொண்டனர்.

அந்த நம்பிக்கைக்குப் பெருஞ்சோதனை பின்னர் வந்தது. 1773-இல் திருத்தந்தை 14-ஆம் கிளமெண்ட் இயேசு சபையையே கலைத்தார். 1776-இல் பாரிஸ் வேதபோதக சபையார் பொறுப்பேற்றனர். எனினும் பரந்த நிலப்பரப்புக்குக் குருக்கள் மிகச் சிலரே. குருவைக் காணாத மாதங்களில் செபத்தை முன்னின்று நடத்தி, ஞானப்பாடம் கற்பித்து, இறைமக்களைக் கட்டிக்காத்தவர்கள் உபதேசியார்கள். விதைத்த சபை கலைந்தும் விதை மடியவில்லை.

தம் வலுவின்மையில் பவுலடியார் கற்ற பாடமும் இதுவே. பணி இறைவனுடையது, நாம் அதன் கருவிகள். பங்குப் பேரவையில் நிதியையும் ஆள்பலத்தையும் கணக்கிடும் நாம், முழந்தாளிட்ட நேரத்தையும் அக்கணக்கில் சேர்க்கிறோமா?