ஏர்வாடி விட்டுச்சென்ற வினா

இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவை நாடி வந்த மனநோயாளரைத் தங்கவைத்த தனியார் காப்பகமொன்றில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தீ மூண்டது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பியோட இயலாது 28 பேர் மாண்டனர். ஒரு வாரத்தில் அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டு, 500க்கு மேற்பட்டோர் அரசின் பொறுப்பிற்கு மாற்றப்பட்டனர். ஆயினும், நோய் தணிந்தும் இல்லம் திரும்ப வழியற்றோர் எங்கே வாழ்வது?

சென்னையின் ‘தி பான்யன்’ அமைப்பு 2015இல் தொடங்கிய திட்டம் இதற்கொரு விடை தந்தது. நான்கைந்து பேர் ஊர் நடுவே வாடகை வீட்டில், உதவியாளர் துணையுடன் ஒரு குடும்பம்போல் வாழலாயினர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்ததோடு, குடும்பமில்லை என்பதற்காக மட்டும் எவரையும் மனநல நிலையத்தில் தொடர்ந்து வைத்திருத்தலாகாது என்றும் விதித்தது.

அடைக்கலம் அளித்தல் அறமென்பதில் ஐயமில்லை. அவ்வடைக்கலம் அவருக்கு வீடாகவும் அமைந்ததா என்பதே ஏர்வாடி நம்மிடம் விட்டுச்சென்ற வினா.