பருப்பின் வரலாறும் நமது எல்லைப்புறமும்

நம் இல்லங்களில் விவாகம் முதலிய சுபகாரியங்கள் நிகழுங்கால், பாலிகை தெளித்தற்கு நவதானியம் கொள்ளுதல் வழக்கம். அவ்வொன்பதையும் எண்ணிப் பார்ப்போமாயின், நெல், கோதுமை, எள் என்னும் மூன்று நீங்கலாக, துவரை, உளுந்து, பச்சைப்பயறு, கடலை, மொச்சை, கொள்ளு ஆகிய ஏனைய ஆறும் பருப்பினமாகவே இருத்தல் காணலாம். நம் முன்னோர் நெல் ஒன்றையே உணவெனக் கொண்டாரில்லை என்பதற்கு இதுவே போதிய சான்றாம். புலால் உண்ணாதார்க்கு மட்டுமன்று, அதனை என்றோ ஒருநாள் காணும் ஏழை எளியவர்க்கும் உடலுறுதி தரும் புரதச்சத்துப் பெரும்பாலும் பருப்பினின்றே கிடைக்கின்றது. அப்பருப்பு நமக்கு எங்கிருந்து வருகின்றது, சில ஆண்டுகளில் அது ஏன் எட்டாக் கனியாகி விடுகின்றது என்பவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

கோரிமேடு புதுவை நகரின் வடமேற்கு ஓரம். ஜிப்மர் மருத்துவமனை அமைந்துள்ள திண்டிவனம் சாலையில் சிறிது தூரம் சென்றால் பட்டானூர். அது தமிழ்நாட்டு மண். இவ்வெல்லையில் வாழும் நாம் அறிய வேண்டிய முதல் உண்மை யாதெனில், புதுவை நகரம் எக்காலத்தும் தன் எல்லைக்கு அப்பாலிருந்து உண்டு வந்த நகரம் என்பதே. 1760ஆம் ஆண்டில் ஆங்கிலத் தளபதி கூட் என்பவர் இந்நகரை முற்றுகையிட்டு, அதனைச் சூழ்ந்திருந்த முள்வேலி யரணையும் கைப்பற்றினார். தானிய வரவு அற்றுப்போகவே, பிரெஞ்சுத் தளபதி லாலி, உண்ணும் வாய்களைக் குறைக்கும் பொருட்டு, பட்டணத்து மக்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டாரை வெளியே துரத்தினார். ஆங்கிலப் படை அவர்களை முதலில் அப்பாற் செல்ல விடவில்லை. இரு சேனைகளுக்கும் நடுவே அவர்கள் பல நாள் அன்னமின்றித் தவித்தனர். 1761 ஜனவரியில் நகரம் பணிந்ததற்குப் பசியே பெருங் காரணமாயிற்று.

பின்னாளிலும் எல்லைக் கோடு நம் அடுப்பைத் தொட்டே வந்தது. 1941இல் பிரெஞ்சிந்தியாவுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் சுங்க உடன்படிக்கை ஏற்பட்டது. 1949இல் அது முடிவுற்றபோது, எல்லைச் சாலைகளில் மீண்டும் சுங்கக் காவல் பலப்பட்டது. 1954 நவம்பர் 1ஆந் தேதி ஆட்சி மாற்றம் நிகழ்ந்த பின்னரே அத்தடை நீங்கிற்று. தடை நீங்கியதேயன்றி, பிறர் விளைவித்ததை உண்ணும் நிலை நீங்கவில்லை.

நிற்க. நாடு முழுமையும் நோக்குவோம். ஆள் ஒருவர்க்கு நாளொன்றுக்குக் கிடைத்த பருப்பு 1951இல் ஏறத்தாழ 61 கிராம். 2000இல் அது 32 கிராம் அளவிற்குச் சுருங்கிற்று. 1960களின் பிற்பகுதி தொட்டு வீரிய நெல்லும் கோதுமையும் பரவின. நீர்ப்பாசனமும், உரமும், அரசாங்கத்தார் உறுதியாகக் கொள்முதல் செய்யும் வசதியும் அவற்றையே சார்ந்தன. பருப்பு, வானம் பார்த்த புன்செய்க்குத் தள்ளப்பட்டது. மக்கட்டொகையோ 36 கோடியிலிருந்து 100 கோடிக்கு மேல் ஏறிற்று. உண்பார் பெருகினர், விளைவு அதற்கீடாகப் பெருகவில்லை.

வானம் பார்த்த பயிரின் நிலையாமையை நாம் கண்கூடாகக் கண்டது 2015இல். 2014, 2015 ஆகிய இரண்டாண்டும் அடுத்தடுத்துப் பருவமழை பொய்த்தது. 2013-14இல் 192 லட்சம் டன்னாயிருந்த நாட்டின் பருப்பு விளைவு, 2015-16இல் 163 லட்சம் டன்னாகக் குறைந்தது. துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயை எட்டிற்று. வீடுகளில் சாம்பார் நீர்த்தது; பலர் வாங்கும் அளவைப் பாதியாக்கினர்.

விலையைக் கண்ட உழவர் மறுவருஷம் துவரையைப் பெருக விதைத்தனர். மழையும் துணை செய்தது. 2016-17இல் விளைவு 231 லட்சம் டன். அதே ஆண்டில் 66 லட்சம் டன் வெளிநாட்டிலிருந்தும் வந்திறங்கிற்று. விளைவு யாது? அரசாங்கம் குறித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 5,050 ரூபாயாயிருக்க, துவரைக்குப் பேர்போன கலபுரகி முதலிய இடங்களில் உழவர் அதனினும் குறைந்த விலைக்கு விற்க நேர்ந்தது. முதலாண்டில் உண்பவன் அழுதான். மறு ஆண்டில் விளைத்தவன் அழுதான். 2016 செப்டம்பரில் அரவிந்த் சுப்பிரமணியன் தலைமையில் அமைந்த குழு, ஆதரவு விலையை உயர்த்துக, உறுதியாகக் கொள்முதல் செய்க, ஏற்றுமதித் தடையை நீக்குக என்று கூறிற்று. 2006 முதல் இருந்துவந்த அத்தடை 2017இல் விலக்கப்பட்டது.

கடல் கடந்த வரவையும் இங்குக் குறித்தல் வேண்டும். 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது, பர்மா அரிசி நின்று நம் மக்கள் பட்ட பாட்டை முதியோர் சொல்லக் கேட்டுள்ளோம். இன்றோ அதே பர்மாவிலிருந்து உளுந்தும் துவரையும் வருகின்றன. 2021இல் அந்நாட்டுடன் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்துக்கு உடன்படிக்கை செய்யப்பட்டது. 2016இல் ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் நாட்டுடன் துவரைக்காக அத்தகையதொன்று ஏற்பட்டது. கனடாவின் மஞ்சள் பருப்பும் நம்மவர் அறிந்ததே. பிறநாட்டுப் போரும், வறட்சியும், வரி மாற்றமும் நம் உலைப்பானையை அசைக்கவல்லன என்பதை மறத்தலாகாது.

இனி, கோரிமேட்டு எல்லைக்கு மீள்வோம். 2007 முதல் தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கு அட்டைதாரர்க்கு வழங்கப்படுகின்றது. புதுவையிலோ 2015 செப்டம்பரில் ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் செலுத்தும் முறை வந்தது. பருப்பு விலை உச்சத்தை எட்டியதும் அதே பருவத்திலேயே. ஒரே சாலையின் இரு பக்கத்தில், ஒரு குடும்பம் பருப்பைப் பெற்றது. மற்றொன்று கடைவிலையைப் பார்த்து நின்றது. விலை ஏறுங்கால் கையிலுள்ள பணம் சுருங்கும், பண்டமோ சுருங்குவதில்லை. புதுவையில் நியாயவிலைக் கடைகள் 2024 அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டமை மகிழ்ச்சிக்குரியதே. அவற்றில் அரிசியோடு பருப்பும் நிரந்தரமாக இடம்பெற வேண்டுமென்பது நமது கருத்து.

2025 அக்டோபரில் மத்திய அரசாங்கத்தார் 11,440 கோடி ரூபாயில் பருப்புத் தன்னிறைவு இயக்கம் ஒன்றைத் தொடங்கினர். 2030-31இல் 350 லட்சம் டன் விளைவித்தல் அதன் குறிக்கோள். துவரை, உளுந்து, மசூர் ஆகியவற்றை உழவர் கொணருமளவும் கொள்முதல் செய்வதாகவும் அறிவித்துள்ளனர். சொல் செயலாகுமேல், 2017இன் துயரம் மீளாது.

நாம் செய்யத்தக்கதும் உண்டு. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் முன்னதாக, ஈரம் உலராத வயலில் உளுந்தைத் தூவி விடுதல் நம் பக்கத்துப் பழைய வழக்கம். தனியே உழவு வேண்டா. நீரும் மிக வேண்டா. வேரின் முடிச்சுகள் மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்க்கும். அண்டை ஜில்லாவில் உளுந்தூர்ப்பேட்டை தன் பெயரிலேயே அப்பயிரைத் தாங்கி நிற்கின்றது. பாகூர், வில்லியனூர்ப் பக்கங்களில் நிலமுடைய நம் அன்பர்கள், தேமல் நோயைத் தாங்கும் வம்பன் ஆராய்ச்சி நிலைய விதைகளைக் கொண்டு, தைத் தரிசை வீணாக்காது பயிரிடுவாராக. மளிகை வாணிபம் புரியும் அன்பர்கள், தட்டுப்பாட்டுக் காலத்தில் மூட்டைகளைப் பதுக்காது விற்பாராக. பாலிகையில் நாம் தெளிக்கும் ஆறு பருப்பும், சடங்கோடு நில்லாது, எளியவர் இலையிலும் நாடோறும் விழுமாயின், அதுவே நம் சமூகத்திற்கு உண்மையான மங்களமாகும்.